திருப்பம் எங்கே சறுக்குகிறது? குற்றச் சிறுகதைக்குப் பிழை நீக்கும் வழிமுறை

குற்றச் சிறுகதை எழுதி நாலு பேரிடம் படிக்கக் கொடுத்தால் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா முடிவு என்னமோ ஒட்டல." உடனே கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்துவிடுகிறோம். பலன் இருக்காது. கோளாறு தெரிவது கடைசிப் பக்கத்தில் என்றாலும், அது பிறப்பது அநேகமாக முதல் இரண்டு பக்கங்களில். அதனால் இந்த வழிமுறையை வாசகர் சொல்லும் புகாரிலிருந்து தொடங்கி, எங்கே தேட வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று பின்னோக்கிப் போகும்படி எழுதியிருக்கிறேன். உங்கள் கதைக்கு வந்த புகாரை மட்டும் படித்தாலும் போதும்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கதையை வைத்துக்கொள்வோம். முழுக்கக் கற்பனை.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஜூலை 28 காலை, தோட்டத்து முதலாளி, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரைக்குள் செத்துக் கிடக்கிறார். பின்தலையில் அடி. வெளியே பத்துப் பன்னிரண்டு மரங்களில் அன்றைக்கு வெட்டிய புது வெட்டு, சிரட்டைகளில் பால். பால் வெட்டும் தொழிலாளியோ, "இன்னைக்கு நான் தோட்டத்துக்கே வரல" என்று சாதிக்கிறார். முதலாளியோடு அவருக்குக் கூலித் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். முதலாளியின் தங்கை மகன் குளச்சலில் ஒரு விசைப்படகில் பங்கு வைத்திருப்பவன். மூன்று நாளாகக் கடலில் இருந்ததாகவும், அன்று மதியம்தான் கரைக்கு வந்ததாகவும் சொல்கிறான். சாவு வீட்டு வேலையெல்லாம் அவன்தான் இழுத்துப் போட்டுச் செய்கிறான். தொழிலாளிக்காக இன்ஸ்பெக்டரிடம் பரிந்தும் பேசுகிறான். இன்ஸ்பெக்டர் கிருஷ்ணகிரியிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

கொன்றது மருமகன். படகுக் கடனுக்காக நிலத்தை விற்கச் சொல்லி மாமா மறுத்ததில் நடந்த கொலை. பழி தொழிலாளி மேல் விழட்டும் என்று மரங்களை அவனே வெட்டினான். தொழிலாளி பொய் சொன்னதற்குக் காரணம் வேறு. தோட்டத்து ஒட்டுப்பாலை, அதாவது வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக் கிடக்கும் பாலை, திருடி விற்க விடியற்காலையில் மார்த்தாண்டம் போயிருந்தார்.

அவனைக் காட்டிக்கொடுக்கும் துப்புகள் இரண்டு. ரப்பர் மரத்தை எதிரே நின்று பார்த்தால் வெட்டு எப்போதும் இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் லேசாகச் சாய்ந்திருப்பதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக இறங்கும். பழகிய கை மாற்றி வெட்டாது. மருமகன் மாற்றி வெட்டியிருக்கிறான். இரண்டாவது, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த மூன்று நாளில் குளச்சலிலிருந்து எந்த விசைப்படகும் கடலுக்குப் போயிருக்க முடியாது.

இனி புகார்களுக்கு வருவோம்.

புகார்: "கடைசியில திடீர்னு எங்கிருந்தோ வந்து விழுது"

அதிகமாக வரும் புகார் இது. சரிசெய்ய அதிக வேலை வாங்குவதும் இதுதான்.

முதலில் ஒரு பரிசோதனை. கதையை அச்செடுத்துக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். முடிவைச் சாத்தியமாக்கும் ஒவ்வொரு தகவலையும், அது முதன்முதலில் வரும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடிடுங்கள். கோடுகள் எல்லாம் கடைசி முக்கால் பக்கத்திலேயே குவிந்திருந்தால் நோய் தெரிந்துவிட்டது. வாசகரிடம் துப்பைக் கொடுக்காமல் விடையை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். இங்கிலாந்துப் பாதிரியாரும் துப்பறியும் கதை எழுதியவருமான ரொனால்ட் நாக்ஸ், 1929-ல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் கண்ணில் பட்ட துப்பை உடனே வாசகர் முன்னாலும் வைத்துவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. தற்செயல் எதுவும் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பது இன்னொன்று. பத்தில் சில காலாவதியாகிவிட்டன. இந்த இரண்டும் இன்றும் செல்லும்.

சரி, துப்பை முன்னால் கொண்டுபோக வேண்டும். ஆனால் இன்ஸ்பெக்டர் தோட்டத்துக்கு வந்ததும் "ரப்பர் மரத்தை இடமிருந்து வலமாகத்தான் வெட்டுவார்கள்" என்று ஒருவர் விளக்கினால் அப்போதே எல்லாம் முடிந்தது. காரணமில்லாமல் கதையில் எதையும் விளக்க மாட்டார்கள் என்பது வாசகருக்குத் தெரியும். துப்பு கதைக்குள் வரும்போது வேறு ஏதாவது வேலைக்காக வந்தது போல வர வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதன் சாரம் கிட்டத்தட்ட இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

மாதிரிக் கதையில் அதை இப்படிச் செய்யலாம். கொலைக்கு இரண்டு நாள் முன்பு முதலாளி உயிரோடு வரும் ஒரே காட்சி. பிளஸ் டூ முடித்துவிட்டு அப்பாவோடு வேலை பழக வந்திருக்கிறான் தொழிலாளியின் மகன். முதலாளி அவனைப் பிடித்துக் காய்ச்சுகிறார்.

"லேய், எடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. எத்தன தடவ சொல்லுகது? மரத்தக் கொன்னுபோடுவியா? ஒங்கப்பனுக்குக் கூலி கூட்டணும்னா வாய் நல்லா நீளுது, மகனுக்குக் கத்தி புடிக்கச் சொல்லித்தர நேரமில்ல."

பக்கத்து மரத்தடியில் நிற்கும் தொழிலாளி சிரட்டையைத் துடைத்தபடி ஒன்றும் பேசாமல் இருக்கிறார். வாசகர் இந்தக் காட்சியிலிருந்து எடுத்துக்கொண்டு போவது முதலாளியின் திமிரையும், தொழிலாளியின் மௌனக் கோபத்தையும். இடதும் வலதும் காதில் விழுந்தன, அவ்வளவுதான். ஆனால் விழுந்துவிட்டன. அதே காட்சி தொழிலாளி மேல் சந்தேகத்தையும் ஏற்றிவிடுகிறது.

இடத்தையும் கவனியுங்கள். துப்பு வசனத்தின் தொடக்கத்தில் வருகிறது, வசவு அதன் பின்னால் வந்து அதை மூடிவிடுகிறது. ஒரு பத்தியின் கடைசி வரிதான் வாசகர் மனதில் அதிக நேரம் நிற்கும். அங்கே துப்பை வைத்தால் விளக்குப் போட்டுக் காட்டியது போல ஆகும். நடுவில் வையுங்கள், அதன் பின்னால் கோபமோ சிரிப்போ வரும் வரி ஒன்றைப் போடுங்கள்.

இரண்டாவது துப்பு இன்னும் தொந்தரவானது. தடைக்காலத்துக்குத் தேதி உண்டு, தேதியைச் சொன்னால் செய்தித்தாள் வாசனை வந்துவிடும். இங்கே இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரராக இருப்பது கைகொடுக்கிறது. அவர் வீட்டு வாசலில் மீன்காரி.

"என்னம்மா, சாளைக்கு இந்த விலையா?"

"போட்டு எல்லாம் கரையில கெட்டிக் கெடக்கு சாரே, இது வள்ளத்து மீனு. நேத்து டாக்டர் வீட்டம்மா ஒரு வார்த்த பேசாம வாங்கினா. போலீசுக்காரருதான் கணக்குப் பாக்குதிய."

இன்ஸ்பெக்டர் அசடு வழிந்தபடி காசை எடுக்கிறார். காட்சி முடிந்தது. நாட்டுப் படகுகளுக்கும் வள்ளங்களுக்கும் தடை கிடையாது, விசைப்படகுக்குத்தான், மீன்காரி 'போட்டு' என்று சொன்னதற்குத்தான், தடை. மீன்காரி அந்த வித்தியாசத்தைக்கூட வாசகருக்குச் சொல்லிவிட்டாள். இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்த அளவு வாசகருக்கும் தெரியும். பின்னால் யாரும் யாரையும் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது.

தற்செயல் விஷயம் இங்கே தலைகாட்டும். கொலைக்குப் பிறகு அதே மீன்காரி வந்து, கேட்காமலே "போட்டு எப்படி சாரே போகும்?" என்று சொன்னால் அது அதிர்ஷ்டம். இன்ஸ்பெக்டருக்கே ஏதோ உறுத்தி, அவராகத் தேடிப்போய் அவளிடம் கேட்டால் அது துப்பறிதல். எழுதுவதற்கு இரண்டும் ஒரே நீளம்தான்.

இதே புகாருக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒளித்து வைத்தல். "இன்ஸ்பெக்டர் அந்த மரத்தைக் கூர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றம்" என்று எழுதிவிட்டு, என்ன பார்த்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது. ஏட்டின் காதில் ஏதோ கிசுகிசுப்பதும் இதே ஜாதி. வாசகருக்கு ஆவல் வராது, எரிச்சல்தான் வரும். அவர் பார்த்ததை அப்படியே எழுதுங்கள். மரத்தில் வெட்டு வலது மேலிருந்து இடது கீழாக இறங்கியிருந்தது, சிரட்டையில் பால் பாதிகூட இல்லை, அடிமரத்தில் கட்டெறும்பு ஊர்ந்தது. மூன்று தகவல்களில் எது முக்கியம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

புகார்: "ரெண்டாம் பக்கத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு"

இதைச் சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க?" துப்பை வைத்துக் கண்டுபிடித்தார் என்றால் கவலைப்படாதீர்கள். அது நேர்மையான ஆட்டம், நூறு பேரில் சிலர் ஜெயிக்கத்தான் செய்வார்கள். "அந்த ஆளுக்குக் கதையில வேற வேலையே இல்லையே" என்று சொன்னால்தான் கோளாறு.

சிறுகதையில் ஆட்கள் குறைவு. நாவலில் பத்துப் பேருக்கு நடுவில் கொலைகாரனை ஒளிக்கலாம், இங்கே மூன்று பேர்தான். அந்த மூவரில் ஒருவன் சும்மா நின்றால் வாசகரின் விரல் தானாக அவனை நோக்கி நீளும். கூட்டத்தைச் சேர்த்து அவனை மறைக்கப் பார்ப்பது பலரும் எடுக்கும் வழி. சந்தேகத்துக்கு இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர், இன்னொரு வட்டிக்காரர், தோட்டத்து டிரைவர். கதை ஊதிப்போவதுதான் மிச்சம். ஆளைச் சேர்க்காதீர்கள், இருக்கிற ஆளுக்கு வேலை கொடுங்கள்.

மருமகன் சாவு வீட்டில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடலோடு போகிறான். வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொல்கிறான். அத்தைக்குக் கட்டன்சாயா வாங்கிக் கொடுக்கிறான். இன்ஸ்பெக்டருக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறான். "அவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார், எங்க மாமாவும் கொஞ்சம் வாய் கூடுதல்தான்" என்று தொழிலாளிக்காகப் பேசுகிறான். வாசகர் அவனை ஒரு உதவிக்காரன் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். அப்புறம் அவனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவன் பரிந்து பேசும் ஒவ்வொரு முறையும் தொழிலாளியின் நிலைமை ஒரு படி மோசமாக வேண்டும். "மாமா வாய் கூடுதல்" என்று சொல்லும்போதே தகராறுக்குச் சாட்சி சொல்லிவிடுகிறான். முதல் தடவை படிக்கும்போது இரக்கம், இரண்டாம் தடவை படிக்கும்போது குழிபறிப்பு. ஒரே வசனம் இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் இந்த வசனங்களை நாலைந்து தடவையாவது மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

வர்ணனையும் காட்டிக்கொடுக்கும். மற்ற எல்லோரையும் ஒரே வரியில் அறிமுகப்படுத்திவிட்டு ஒருவனுக்கு மட்டும் மீசை, கண், சிரிப்பு என்று மூன்று வரி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வெட்டிவிடுங்கள்.

புகார்: "எங்க ஊர்ல இப்படி நடக்கவே நடக்காதே"

கன்னியாகுமரி மாவட்டத்தை வைத்து எழுதுபவர்களுக்கு இது தனிச் சோதனை. சின்ன மாவட்டம்தான், ஆனால் காலையில் மலையில் ரப்பர், மதியம் நாஞ்சில் நாட்டு வயல், சாயங்காலம் கடல் என்று பஸ்ஸில் போய்வந்துவிடலாம். ஒவ்வொரு இடத்துக்கும் தனித் தொழில், தனிப் பஞ்சாங்கம். ஒரு இடத்துக்காரருக்கு அ, ஆ போன்ற விஷயம் அடுத்த இடத்துக்காரருக்குத் தெரியாது. குற்றக் கதைக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடையாது. ஆனால் உள்ளூர்க்காரர் படித்துச் சிரிப்பதும் வெளியூர்க்காரர் புரியாமல் விழிப்பதும் ஒரே கதையிலேயே நடந்துவிடும்.

நம் கதையிலேயே ஓட்டைகளைப் பாருங்கள். முதல் ஓட்டை மழை. ஜூலையில் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட மாட்டார்கள். மழைக்கு மரத்தில் பிளாஸ்டிக் கட்டியிருந்தால் வெட்டலாம். கட்டியிருந்ததா இல்லையா என்று நீங்கள் சொல்லாவிட்டால் குலசேகரத்துக்காரர் அங்கேயே கதையை மூடிவைத்துவிடுவார். வசவுக் காட்சியில் "பிளாஸ்டிக் கட்டின காசாவது தேறுமா" என்று முதலாளி முனகினால் போதும், ஓட்டை அடைந்துவிடும்.

இரண்டாவது ஓட்டை பெரிது. குளச்சலில் இருப்பவன் ஜூலையில் விசைப்படகில் போனேன் என்று சொன்னால் அங்கே சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். அப்படியிருக்க மருமகன் ஏன் அந்தப் பொய்யைச் சொன்னான்? கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர் என்பதால் சொன்னான் என்பது பாதி பதில்தான். பக்கத்தில் நின்ற ஏட்டு என்ன செய்தார்? அவர் உள்ளூர்க்காரரென்றால் உடனே மடக்கியிருப்பார்.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று, அந்தப் பேச்சு நடக்கும்போது இன்ஸ்பெக்டரும் அவனும் தவிர வேறு யாரும் இல்லாமல் செய்வது. ஆசாரிபள்ளத்துக்குப் போகும் ஜீப்பில், பேச்சுவாக்கில், கேட்காத கேள்விக்குப் பதிலாக அவன் சொல்கிறான். டைரியில் ஏறாத பேச்சு. இது எளிது.

இரண்டாவது மருந்தைத்தான் நான் விரும்புவேன். பொய்யைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாக்குங்கள். இந்த மாவட்டத்தில் இரண்டு கடற்கரை இருக்கிறது, இரண்டு தடைக்காலமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சின்னமுட்டத்துப் படகுகள் அதில் வரும். மேற்கே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் எல்லாம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் படகுகள் கரையில் கிடக்கும். ஜூன் 15-லிருந்து கிழக்கே போகலாம், மேற்கே போகக் கூடாது. மருமகன் "சின்னமுட்டத்துல கூட்டாளி போட்டுல போனேன்" என்று சொன்னால் உள்ளூர்க்காரரும் தலையாட்டுவார். ஜூலையில் இந்தப் பொய்யை உடைக்க வேறு துப்பு தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனால் இப்போது தேதி முடிவு செய்கிறது. கொலையை ஜூலை 28-லிருந்து ஜூன் 10-க்கு நகர்த்துங்கள். சின்னமுட்டமும் அடைபட்டுவிடும். அவசரத்தில் பொய் சொன்னவன் நாலு நாள் கணக்கில் கோட்டைவிட்டான் என்பது யாருக்கும் நடக்கக்கூடிய சறுக்கல்தானே. மீன்காரியின் வசனத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். "போட்டு எல்லாம்" என்று அவள் சொன்னது அப்போது முழு உண்மையாகிவிடும்.

ஜூலையா ஜூனா என்று முடிவெடுக்கும் முன் அடுத்த புகாரைப் படித்துவிடுங்கள். ஜூலைக்கு ஒரு லாபம் இருக்கிறது.

புகார்: "நடுவுல தூக்கம் வருது"

கொலை நடந்துவிட்டது, கொலைகாரன் கடைசியில்தான் வருவான். நடுவில் நாலு பக்கம் விசாரணை. யார் யார் எங்கே இருந்தீர்கள் என்று வரிசையாகக் கேள்வி. இங்கேதான் தொய்கிறது. காரணம், நாம் சஸ்பென்ஸ் என்றால் தகவலை மறைப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி நேரம் அது தகவலைக் கொடுப்பதில்தான் பிறக்கிறது.

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியது பொற்கொல்லன்தான் என்பது கோவலன் வெட்டுப்படும் முன்பே நமக்குத் தெரியும். கோவலனுக்குத் தெரியாது, பாண்டியனுக்கும் தெரியாது. "இங்கே இருங்கள், வந்துவிடுகிறேன்" என்று பொற்கொல்லன் அரண்மனைக்குப் புறப்படும்போது நமக்குப் பதைக்கிறது. திருடன் யார் என்பதைக் கடைசிவரை மறைத்திருந்தால் அந்த இடத்தில் நமக்கு ஒரு பதைப்பும் வந்திருக்காது. பிறகு வழக்குரைக்கும்போது முத்தா மாணிக்கமா என்று சிலம்பை உடைத்துப் பார்க்கும் இடத்தில் வேகம் ஏறுவதும் இதனால்தான். விடை நமக்குத் தெரியும், அரசனுக்கு இனிமேல்தான் தெரியப்போகிறது.

மாதிரிக் கதையில் எந்தத் தகவலை முன்கூட்டியே கொடுக்கலாம்? கொலைகாரன் யார் என்பதைக் கொடுக்க முடியாது, திருப்பம் போய்விடும். தொழிலாளியின் ரகசியத்தைக் கொடுக்கலாம். அவர் ஒட்டுப்பால் மூட்டையோடு மார்த்தாண்டத்தில் பஸ் இறங்குவதை வாசகருக்குக் காட்டிவிடுங்கள். இப்போது அவர் கொல்லவில்லை என்று நமக்குத் தெரியும், அதை நிரூபிக்க அவர் வாயைத் திறந்தால் திருடன் ஆகிவிடுவார் என்றும் தெரியும். ஒவ்வொரு விசாரணைக் கேள்விக்கும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்போம். நாலு பக்கமும் தூக்கம் வராது.

இன்னொரு வழி கெடு வைப்பது. இதற்குக் கற்பனையே தேவையில்லை, சட்டமே தருகிறது. கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. தொழிலாளியைக் கைது செய்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது.

ஜூலை 28-க்கு லாபம் இருக்கிறது என்றேனே, அது இங்கேதான். ஜூலை 31 நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. படகுகள் கடலுக்குக் கிளம்பிவிடும். ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப நாள் கணக்காகும், மருமகனும் அதில் இருப்பான். விசாரணை முழுக்கத் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுவதும், டீசல் நிரப்புவதும், வலை அடுக்குவதும் பின்னணியில் நடக்கட்டும். முதலில் வாசகருக்கு அது வெறும் சூழல் வர்ணனை. யார் என்று தெரிந்த கணத்தில் அதே ஐஸ் வண்டிகள் கெடுவாக மாறிவிடும். துப்பும் கெடுவும் ஒரே தடைக்காலத்திலிருந்து கிடைப்பதால், நான் ஜூலையைத்தான் வைத்துக்கொள்வேன். ஜீப் பேச்சு மருந்தையும் சேர்த்துக்கொள்வேன்.

புகார்: "திருப்பம் புரியுது, ஆனா சப்புனு இருக்கு"

கொன்றது அவர் இல்லை, இவர். பெயர் மாறியது, வேறெதுவும் மாறவில்லை. வாசகர் "ஓ" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

நிலைமை தலைகீழாவதும் உண்மை தெரியவருவதும் ஒரே கணத்தில் நடந்தால்தான் கதை சிறக்கும் என்று அரிஸ்டாட்டில் நாடகத்தைப் பற்றிச் சொன்னது சிறுகதைக்கும் அப்படியே பொருந்தும். பெயர் தெரியவருவது மட்டும் போதாது, அதனால் ஏற்கெனவே படித்த காட்சிகளின் அர்த்தம் கவிழ வேண்டும். மருமகன் பரிந்து பேசிய காட்சி இருந்தால் அது கவிழும். இல்லாவிட்டால் கவிழ ஒன்றுமில்லை. எனவே திருப்பம் சப்பென்று இருந்தால் அதை இன்னும் பெரிதாக்கப் பார்க்காதீர்கள். இரட்டைப் பிறவி, பழைய காதல், இறந்ததாக நினைத்தவர் உயிரோடு என்று போனால் நிலைமை மோசமாகும். திருப்பம் வந்த பிறகு எந்தக் காட்சி அர்த்தம் மாறுகிறது என்று கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அப்படி ஒரு காட்சியை முன்னால் எழுதிச் சேருங்கள்.

புகார்: "கடைசி ஒரு பக்கம் பூரா பேசிட்டே இருக்கான்"

கொலைகாரன் மாட்டிக்கொண்டதும் தலை குனிந்து, "ஆமா சார், நான்தான்" என்று தொடங்கி ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். விளக்கம் தேவைப்படுகிறது என்பதால் இப்படி எழுதுகிறோம். இரண்டு சிக்கல் இருக்கிறது.

சட்டச் சிக்கல்: போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 23-ஆம் பிரிவு. அவன் சொன்னதை வைத்துப் போலீஸ் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். உங்கள் இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தைக் கேட்டுத் திருப்தியாகப் புன்னகைத்தால் வக்கீல் வாசகர்களும் புன்னகைப்பார்கள், வேறு காரணத்துக்காக. ஆனால் இந்தச் சட்டமே கதைக்கு வழியும் காட்டுகிறது. அவன் சொல்லி எடுத்த ஒரு பொருள், ரத்தக் கறையோடு கிடைத்த பால்வெட்டுக் கத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கப் பேச்சைவிட அதிகம் பேசும்.

கதைச் சிக்கல்: விளக்கம் நீளமாக வருகிறதென்றால் துப்புகள் முன்னால் சரியாக வைக்கப்படவில்லை என்று அர்த்தம். முதல் புகாருக்கே திரும்பிப் போங்கள். துப்புகள் இடத்தில் இருந்தால் இன்ஸ்பெக்டர் மருமகன் கையில் ஒரு கத்தியைக் கொடுத்து, "இந்த மரத்த ஒரு தடவ வெட்டிக் காட்டுப்பா" என்று சொன்னாலே போதும். அவன் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறான் என்று வாசகரே பார்த்துக்கொள்வார்.

சில்லறைப் புகார்கள்

"கொலை நடந்த ராத்திரியே போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்துட்டு." 2021 நவம்பரில் மத்திய அரசு இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று அனுமதித்தது உண்மைதான். ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவை அதில் சேராது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால்தான் விலக்கு. உடல் சாயங்காலம் கிடைத்தால் அடுத்த நாள் வரை பொறுங்கள். அந்த ஒரு இரவு கதைக்கு நல்லதுதான்.

"இன்னும் 302-னு எழுதியிருக்கீங்க." 2024 ஜூலை 1-க்கு அப்புறம் நடக்கும் கதையென்றால் கொலைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. அதற்கு முன்னால் நடந்த கதையென்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302-ஐ மாற்றாதீர்கள்.

"போன் டவர் பார்த்தா தெரிஞ்சிருக்குமே." தெரிந்திருக்கும். மருமகன் போனை அணைத்துக் குளச்சல் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான், கடலுக்குள் டவர் கிடைக்காது என்பதால் அது சந்தேகத்தைக் கிளப்பவில்லை என்று ஒரு வரி போடுங்கள். ஒரு வரிதான், பத்தி வேண்டாம்.

"அந்தத் தொழிலாளி அப்புறம் என்ன ஆனார்?" இந்தக் கேள்வி வந்தால் நீங்கள் ஒரு பொய்த் தடயத்தை அந்தரத்தில் விட்டுவிட்டீர்கள். சந்தேகத்தைக் கிளப்பிய ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று சொந்தமாக ஒரு உண்மை இருக்க வேண்டும், அது வெளியே வரவும் வேண்டும். கொலைப் பழி நீங்கியதால் திருட்டுப் பழியில் மாட்டினார் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மகன் முன்னால் அது தெரியவருவதாக வைத்தால் கதைக்கு இன்னும் கொஞ்சம் எடை கூடும்.

"தலைப்பைப் பார்த்ததுமே புரிஞ்சுட்டு." கதை முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு மேலே 'மாற்றி விழுந்த வெட்டு' என்று பெயர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். திருப்பத்தோடு சம்பந்தப்பட்ட சொல் எதுவும் தலைப்பில் வேண்டாம். மீன்காரிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடந்த பேரத்திலிருந்து ஒரு சொல்லை எடுங்கள், 'வள்ளத்து மீன்' என்று வையுங்கள். அதைப் பார்த்து யாருக்கும் ரப்பர் தோட்டம் ஞாபகம் வராது.